மானாவாரிக் காட்டுப் பூச்சி: வயலின் கும்பிடுபூச்சியை வளர்த்துப் பெருக்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

34 குஞ்சுகள் பொரித்தன. முதல் மூன்று மாதத்துக்குள் 29 செத்துப்போயின. மிஞ்சிய ஐந்திலிருந்துதான் அடுத்த தலைமுறை வந்தது. ஐந்து எப்படிப் பிழைத்தன, 29 எதனால் போயின என்று முதல் நாளிலிருந்து எழுதிவந்த குறிப்பேட்டை வைத்து இதை எழுதுகிறேன். இந்தப் பூச்சியை வளர்க்க நினைக்கும் நம்மூர்க்காரர்கள் இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள் என்று தோன்றுகிறது. அதனால் செத்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூச்சியின் அறிவியல் பெயர் கோங்கைலஸ் கோங்கைலோட்ஸ். 1758ல் லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சிகளில் ஒன்று. எம்பூசிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த மண். கழுத்து போலத் தெரியும் முன்மார்பு ஈர்க்குச்சி மாதிரி நீண்டு, வயிறு திடீரென்று அகன்று இருப்பதால் வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் இதை வயலின் மாண்டிஸ் என்கிறார்கள். வளர்ந்த பெண் 10 செ.மீ. வரை நீளும். ஆண் சற்றுச் சிறியது. கால்களில் காய்ந்த இலைத் துணுக்கு ஒட்டியது போல மடல்கள். முள்செடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு லேசாக ஆடும்போது காற்றில் ஆடும் சருகு என்றே கண் ஏமாறும். எங்கள் ஊரில் எல்லாக் கும்பிடுபூச்சிக்கும் இடையன்பூச்சி என்று ஒரே பேர்தான். இதற்குத் தனிப் பேர் கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட இதைப் பெரும்பாலும் பார்த்ததில்லை, அவ்வளவு ஒளிந்திருக்கும்.

கிடைத்த விதம்

விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். கரிசல் பூமி. ஆடி மாதம் வேலி அடைக்க அப்பா உடைமரக் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார். அதில் ஒரு கிளையில் காய்ந்த சோப்பு நுரை போல இரண்டு முட்டைக்கூடுகள் இருந்தன. அந்தக் கிளை எப்படியும் வேலியில் மிதிபட்டுப் போகும் என்பதால் கிளையோடு ஒடித்து, நான் வேலை பார்க்கும் சென்னைக்குக் கொண்டுவந்தேன். (எங்கள் சொந்த வேலி என்பதால் எடுத்தேன். சரணாலயத்திலோ காப்புக்காட்டிலோ ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது.)

இரண்டில் ஒரு கூட்டிலிருந்து கும்பிடுபூச்சியே வரவில்லை. இரண்டு வாரத்தில் ஊசிமுனை அளவுக்குத் துளைகள் விழுந்து, பளபளவென்று சின்னச் சின்னக் குளவிகள் வெளியே வந்தன. போடாக்ரியான் என்ற ஒட்டுண்ணிக் குளவி. பெண்ணுக்கு உடலைத் தாண்டி நீளும் முட்டையிடும் ஊசி உண்டு. அதைக் கும்பிடுபூச்சியின் நுரைக்கூட்டுக்குள் செருகித் தன் முட்டையை வைத்துவிடும். பின்னங்கால் தொடை பருத்து, ஓரத்தில் பல் பல்லாக இருந்தால் அதுதான். காட்டிலிருந்து எடுத்த கூட்டில் ஒழுங்கற்று வட்டத் துளைகள் தெரிந்தால் ஆசை வைக்க வேண்டாம். கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் வெளியேறும் வழி கூட்டின் நடுவரிசையில்தான் இருக்கும்.

இரண்டாவது கூடு ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலையில் பொரித்தது. நூல் போல ஒவ்வொன்றாகத் தலைகீழாக இறங்கி, இறங்கிய கையோடு மெல்லிய முதல் தோலை உரித்து, கால்களை நீட்டி உலர்ந்தன. எண்ணினேன், 34. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு செ.மீ. இருக்கும். வயிற்றின் நுனியைத் தூக்கி முதுகின் மேல் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்தன.

முதல் மூன்று மாதம்

வெப்பமண்டலக் கும்பிடுபூச்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வளர்ப்பு முறையை அப்படியே பின்பற்றினேன். பிளாஸ்டிக் ஜாடி, மூடியில் துளை, அடியில் ஈரப் பஞ்சு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பு. அந்த முறை பெரும்பாலும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சியை மனதில் வைத்துச் சொல்லப்படுவது என்று பிறகுதான் புரிந்தது. அது மலேசியா, இந்தோனேசியா மழைக்காடுகளில் வாழ்வது. இரண்டுமே வெப்பமண்டலப் பூச்சிதான். ஒன்று எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் காட்டில் பிறந்தது, மற்றது உடைமுள்ளில் பிறந்தது.

இறப்புக் கணக்கு இது. முதல் பத்து நாளில் 7, எதையும் தின்னாமல். சட்டை உரிக்கும்போது 13. வயிறு கறுத்து, கழிச்சல் ஈரமாகி 6. சுவர்க்கோழி கடித்து 3. இந்த மூன்றுக்கும் முழுப் பொறுப்பு நான்தான். பழ ஈ தீர்ந்துவிட்ட ஒரு வாரத்தில் சின்னச் சுவர்க்கோழிகளை ஜாடிக்குள் விட்டேன். குஞ்சுகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரவில் தொங்கிக்கொண்டு சட்டை உரித்தவற்றைச் சுவர்க்கோழிகள் கடித்துத் தின்றிருந்தன.

அந்த 13தான் என்னைத் தூங்கவிடவில்லை. கும்பிடுபூச்சி சட்டை உரிக்கும்போது தலைகீழாகத் தொங்கும். தன் எடையாலேயே பழைய தோலிலிருந்து மெல்ல வழுகி இறங்கி, கால்களை உருவி, மறுபடி மேலே பிடித்துக்கொண்டு உலரும். இவை பாதியில் நின்றுபோயின. முன்கால் வெளியே, பின்கால்கள் தோலுக்குள். சில பிடி நழுவி ஜாடியின் அடியில் விழுந்து வளைந்தபடியே இறுகிப்போயின. சட்டை சிக்கினால் ஈரம் போதவில்லை என்பது பல கும்பிடுபூச்சிகளுக்குச் சரியான விளக்கம். அதனால் தெளிப்பதை இரு மடங்காக்கினேன். ஐப்பசி மழை வேறு பிடித்துவிட்டது. ஜன்னல் ஓரம் வைத்திருந்த ஈரப்பதமானி அறைக்குள்ளேயே 85 சதவீதம் காட்டியது. ஜாடிக்குள் அது 90க்கு மேல், வெப்பம் 26, 27 டிகிரி. செத்த ஈக்கள் மேல் ஒரே நாளில் பூஞ்சை பூத்தது. நான் தெளிக்கத் தெளிக்கச் சாவு கூடியது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மிஞ்சிய ஐந்தையும் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் ஜாடியோடு எடுத்துப் போனேன். மறுநாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து தெளித்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, அதப் போட்டு ஏன் குளிப்பாட்டிக்கிட்டே இருக்க? மானாவாரிக் காட்டுல கெடக்குற பூச்சிக்கு எவன்யா தண்ணி பாய்ச்சுனான்?"

அன்று மழை இல்லை, நல்ல வெயில். ஐந்தையும் எடுத்து முற்றத்தில் கிடந்த உடைமரக் கொம்பில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக ஜாடியில் அசையாமல் கிடந்தவை விறுவிறுவென்று வெயில் படும் நுனிக்கு ஏறின. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றன. மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த ஈக்கள் கொம்பைச் சுற்றிப் பறந்தன. அரை மணி நேரத்துக்குள் ஐந்தில் நான்கு ஆளுக்கொரு ஈயைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. அவை அப்படி வேட்டையாடி நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஜாடியில் நடந்தது இப்போது வரிசையாகப் புரிந்தது. குளிர்ந்த பூச்சிக்குப் பசி எடுக்கவில்லை. தின்னாததால் தெம்பில்லை. தெம்பில்லாத உடம்பு பழைய தோலிலிருந்து கால்களை உருவிக்கொள்ளவில்லை. வழவழப்பான பிளாஸ்டிக்கில் நகத்துக்குப் பிடிப்பும் இல்லை. காற்றோட்டமில்லாத ஈரம் பூஞ்சையையும் வயிற்று நோயையும் கூட்டிவந்தது.

பல்பு

சென்னைக்குத் திரும்பியதும் ஜாடிகளைத் தூக்கிப் போட்டேன். மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து 60 செ.மீ. உயரத்தில் ஒரு கூண்டு. உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த உடைமரக் குச்சிகள். வலைக் கூரைக்கு வெளியே, ஒரு சாண் உயரத்தில், 60 வாட் குண்டு பல்பு. உள்ளே வைத்தால் பூச்சி போய் ஒட்டிப் பொசுங்கிவிடும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பல்பு எரியும். உச்சிக் குச்சியில் 38 முதல் 40 டிகிரி, அடியில் 30. வெயிலும் நிழலும் போல எங்கே இருப்பது என்பதைப் பூச்சியே முடிவு செய்துகொள்ளும். இரவில் அறை வெப்பம் போதும்.

சென்னையின் ஈரக் காற்றை என்ன செய்வது என்பதுதான் என் பெரிய கவலை. அதற்குப் பதில் அதே பல்பில் இருந்தது. காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறாமல் வெப்பம் மட்டும் ஏறினால் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு) தானாக இறங்கும். 27 டிகிரியில் 85 சதவீதம் உள்ள காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 48 சதவீதம்தான் வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஈரப்பதமானியை உச்சிக் குச்சியில் கட்டினேன். 47க்கும் 52க்கும் இடையே நின்றது. அடைமழை நாளிலும் கூண்டுக்குள் கரிசல்காட்டு நண்பகல் இருந்தது.

தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், பனி விழுந்தது போல ஒரே ஒரு தெளிப்பு என்று குறைத்தேன். பல்பு போட்ட அரை மணி நேரத்தில் அது காய்ந்துவிட வேண்டும். அதற்குள் வேண்டியவை துளியை உறிஞ்சிக்கொள்ளும். மீதி நீர் ஈக்களின் உடம்பிலிருந்து வரும். அதன் பிறகு இந்த ஐந்தில் சட்டை சிக்கிச் செத்தது ஒன்றுகூட இல்லை. ஒன்று போனது என் கையால். அதைக் கீழே சொல்கிறேன்.

ஈ வளர்ப்பு

கும்பிடுபூச்சி வளர்ப்பது என்றால் முக்கால்வாசி வேலை ஈ வளர்ப்பது. இந்த இனத்துக்கு அது இன்னும் பொருந்தும். சாதாரணப் பச்சைக் கும்பிடுபூச்சி கரப்பானையும் சுவர்க்கோழியையும் துரத்திப் பிடிக்கும். இது துரத்தாது. இதன் முன்கால்கள் மெலிந்தவை. தொங்கிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் பறந்து வருவதை மட்டும் அள்ளும். தரையில் ஊர்வது இதன் கண்ணுக்கு உணவே இல்லை.

முதல் இரண்டு சட்டை வரை பழ ஈ. கனிந்த வாழைப்பழத்தை மசித்து ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு மொட்டைமாடியில் ஒரு நாள் திறந்து வைத்தால் ஈக்கள் தாமாக வந்து முட்டை வைக்கும். பிறகு துணி கட்டி மூடி வைத்தால் பத்து நாளில் புதுத் தலைமுறை. நான்கு பாட்டில்களைத் தேதி போட்டு மாற்றி மாற்றி வைத்தால் இடைவெளி விழாது.

அப்புறம் வீட்டு ஈ. குப்பைமேட்டில் பிடித்த ஈயைக் கொடுக்காதீர்கள். பூச்சிமருந்து பட்ட ஈ ஒன்று போதும், ஒரு கூண்டே காலி. கோதுமைத் தவிடும் கொஞ்சம் பால்பவுடரும் தண்ணீரில் பிசைந்து, இட்லிமாவைவிடக் கெட்டியாக வைத்தால் புழுக்கள் நன்றாக வளரும். இந்த வெயிலில் முட்டையிலிருந்து ஈயாகப் பத்து நாள் ஆகும். நாற்றம் உண்டு, மறைக்க மாட்டேன். மேலே காய்ந்த தவிட்டை ஒரு விரல் கனத்துக்குத் தூவினால் பெருமளவு அடங்கும். செம்பழுப்பாகும் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை ஈயாவதைத் தள்ளிப்போடலாம். தேவைக்கு எடுத்துக் கூண்டின் அடியில் வைத்துவிட்டால் போதும். ஈ வெளியே வந்ததும் வெளிச்சத்தை நோக்கி மேலே பறக்கும், மேலே இவை காத்திருக்கும்.

ஒன்று முக்கியம். பொரித்த ஈக்கு ஒரு நாளாவது தேனும் பால்பவுடரும் தின்னக் கொடுத்துவிட்டுப் பூச்சிக்கு விடுங்கள். வெறும் வயிற்று ஈ வெறும் தோல்தான். டிசம்பரில் இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு வயிறு உருண்டதும் அடுத்த சட்டைக்கான இடைவெளி குறைந்ததும் குறிப்பேட்டில் தெளிவாகத் தெரிகிறது.

இந்த இனத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம், கூட்டாக வாழ்வது. பச்சைக் கும்பிடுபூச்சிகளை ஒரே கூண்டில் விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். இவை ஒரே குச்சியில் வரிசையாகத் தொங்கி, ஒன்று ஆடினால் மற்றவையும் ஆடும். ஈ குறையாமல் இருக்கும் வரைதான் இந்த ஒற்றுமை. இரண்டாம் தலைமுறையில் ஈ வளர்ப்பு தவறிய இரண்டு நாளில் மூன்று குஞ்சுகளை உடன்பிறப்புகளே தின்றன.

ஆணும் பெண்ணும்

கும்பிடுபூச்சிகளில் வயிற்றின் அடிப்பக்கத் தட்டுகளை எண்ணிப் பிரிக்கலாம். பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு எட்டு. இந்த இனத்தில் இன்னும் சுலபம். வளர்ந்த ஆணின் உணர்கொம்பு இருபுறமும் இறகு போலக் கிளைத்திருக்கும், பெண்ணுடையது வெறும் நூல். கடைசிச் சட்டைக்கு முன்பே ஆணின் கொம்பு தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தில் மூன்று ஆண், இரண்டு பெண்.

மூன்று ஆண்களில் ஒன்றைத்தான் நான் கொன்றேன். சிறகு மொட்டுகள் உப்பி, இரண்டு நாளாகத் தின்னாமல் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சட்டை என்று தெரியும். அடியில் கிடந்த செத்த ஈயை எடுக்கக் கூண்டைத் திறந்தேன், சட்டம் அசைந்தது. பாதி உரித்த நிலையில் விழுந்தது. குஞ்சுப் பருவத்தில் கால் போனால் அடுத்தடுத்த சட்டைகளில் முளைத்துவிடும். கடைசிச் சட்டையில் அந்த வாய்ப்பும் கிடையாது. இப்போது ஒன்று தொங்கத் தொடங்கினாலே கூண்டுக் கதவில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன். வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

மற்ற இரண்டு ஆண்களும் பிப்ரவரி முதல் வாரத்தில் வளர்ந்துவிட்டன. பெண்கள் மார்ச் முதல் வாரத்தில்தான். கும்பிடுபூச்சிகளில் பெண்ணுக்குப் பொதுவாகச் சட்டைகள் கூடுதல். ஆண் முந்திக்கொள்ளும், ஆயுளும் குறைவு. ஆண்களைப் பிரித்து, பல்பைத் தள்ளி வைத்து, தீனியைக் குறைத்து வளர்த்திருந்தால் இந்த ஒரு மாத இடைவெளி சுருங்கியிருக்கும். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெண்கள் தயாராகும் முன்பே ஓர் ஆண் செத்துப்போனது.

சிறகு வந்த பெண்ணைக் கீழிருந்து பார்க்க வேண்டும். கழுத்தின் நுனியில் இலை போல விரிந்த தட்டின் அடிப்புறம் ஊதா சாயல், நடுவே கருமை. தலைகீழாகத் தொங்கும்போது அதுதான் மேலே தெரியும். முள்செடியில் ஒற்றைப் பூ பூத்தது மாதிரி. 1877லேயே விலங்கியலாளர் ஜான் ஆண்டர்சன் இதைக் கல்கத்தாவில் வங்காள ஆசியக் கழகத்தின் முன் பூவோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

மார்ச் கடைசி வாரம், பெண்கள் சிறகு வந்து மூன்று வாரமான பிறகு, இரண்டு பெண்களுக்கும் வயிறு நிறையத் தீனி போட்டு, மிஞ்சிய ஆணை அதே கூண்டில் விட்டேன். பல்பை அணைத்து, காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். பெண் இரவில் மணத்தைப் பரப்பி அழைக்கும். ஆணின் இறகுக் கொம்பு அதைப் பிடிக்கத்தான். மூன்று இரவு ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் இரவு பதினொரு மணிக்கு ஆணின் கொம்புகள் படபடத்தன. ஓர் அடி வைக்கும், நின்று ஆடும், மறுபடி ஓர் அடி. விடியும் வரை இணைந்திருந்தன. காலையில் அது தானாக இறங்கி வந்தது. பெண் அதைத் தின்ன முயலவே இல்லை. இந்த இனத்தில் அது அரிது, பசியில்லாமல் பார்த்துக்கொண்டால் பயமே வேண்டாம். அடுத்த பெண்ணோடு அது இணையவில்லை. பத்து நாளில் அதன் ஆயுளும் முடிந்தது.

முட்டைக்கூடுகள்

இணையாத பெண்ணும் முட்டைக்கூடு கட்டும். இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மாதக்கணக்கில் வெறும் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். எது எந்தப் பெண்ணுடையது என்று நூல் கட்டி அடையாளம் வைத்ததால் தப்பித்தேன். இணையாத பெண் கட்டிய நான்கிலும் ஒன்றும் பொரிக்கவில்லை. இணைந்த பெண் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே ஆறு கட்டியது. எல்லாமே உச்சிக்குச்சியில், பல்புக்கு அருகே. குச்சியோடு வெட்டி வேறொரு வலைக்கூண்டில், பகலில் 32 டிகிரியில் வைத்து, வாரம் இருமுறை லேசாகத் தெளித்தேன்.

முதல் கூடு 41ஆம் நாள் பொரித்தது. 31 குஞ்சுகள். இரண்டாவதில் 27. இந்த 58க்கும் முதல் நாளிலிருந்தே வலைக்கூண்டு, பல்பு, பழ ஈ. 40 சிறகு வளர்ந்து நின்றன. போன 18ல் முதல் இரண்டு வாரத்தில் 9, உடன்பிறப்பு தின்றவை 3, சட்டை சிக்கியவை 4, கதவிடுக்கில் தப்பியவை 2. முதல் தலைமுறையின் 13க்குப் பக்கத்தில் இந்த 4ஐ வைத்துப் பார்க்கும்போது என் கைக்குத் தெளிப்புப் பாட்டிலைத் தொடவே தோன்றுவதில்லை. இந்தமுறை ஆண்களை 30 டிகிரியில் தனியாக வளர்த்தேன். பெண்களுக்கு ஏறக்குறைய பத்து நாள் முன்பாக வளர்ந்து நின்றன, அந்த இடைவெளி தாங்கக்கூடியது.

மீதி நான்கு கூடுகளை ஜூன் மாதம் ஊருக்கு எடுத்துப் போனேன். அவை எந்த வேலியிலிருந்து வந்தனவோ அதே வேலியின் உடைமரத்தில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், பருத்தி நூலால் கட்டினேன். போடாக்ரியான் நுழையாதபடி ஒவ்வொன்றுக்கும் மெல்லிய மல் துணியில் பை தைத்துப் போட்டேன். 35ஆம் நாள் பையை அவிழ்த்துவிடச் சொல்லி அம்மாவிடம் நாள்காட்டியில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவிழ்த்த நான்காம் நாள் விடியற்காலையில் போன் வந்தது. அம்மா மூச்சு வாங்கப் பேசினார். "எய்யா, வேலி முள்ளெல்லாம் நடந்து போகுதுய்யா."